இருமக் கூடாத வீடு

என் அக்காவைக் கட்டியவர் வீட்டில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் யாரும் இருமக் கூடாது. தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடிவிட வேண்டும். தட்டில் முறுக்கு வைத்திருப்பார்கள், கடிக்கக் கூடாது. சித்திரையில் முதுகுளத்தூர்ப் பக்கம் ஆறு மணிக்கும் சுவர் சுடும். அப்போதும் மின்விசிறியை நிறுத்திவிடுவார், அது கடகடக்கிறதாம். வேர்த்து ஊற்ற, இருமலை அடக்கி, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருக்க வேண்டும். எதற்கு? ஒரு சிடி கேட்பதற்கு.

ஒரே ஒரு சிடி. இரண்டாவது ஒன்று அவரிடம் இருந்ததில்லை. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் அவருடைய மேலதிகாரி ஐரோப்பாவுக்குப் போய்வந்து ஆளுக்கொரு பரிசு கொடுத்தாராம். ஒருத்தருக்குப் பேனா, ஒருத்தருக்குச் சாக்லேட் டப்பா, அத்தானுக்கு இந்த சிடி. அந்தச் சாக்லேட் டப்பா இவர் கைக்கு வந்து, சிடி வேறு எவன் தலையிலாவது விடிந்திருந்தால் என் அக்கா வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும். விதி யாரை விட்டது.

அத்தான் என்றுதான் நான் கூப்பிட்டேன். பெயர் வேண்டாம், செத்துப்போன மனுஷர். ஊருக்குள் அவரை உஷ்ஷு சார் என்பார்கள். உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்கிற கோலத்தில்தான் அவரைப் பார்த்தவர்கள் அதிகம். ஓய்வு பெற்று, சொந்த ஊரில் அப்பா விட்டுப்போன மிளகாய்க் காட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர். காட்டைப் பார்த்தாரோ இல்லையோ, முன்கூடத்தில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸும் ஒரு ஆம்ப்ளிபயரும் வைத்து அதற்குப் பட்டுத்துணி போட்டு மூடினார். எங்கள் வீட்டுச் சாமிக்குக்கூட அப்படியொரு துணி கிடையாது.

நான் மைக் செட் போடுகிறவன். முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், கந்தூரி, மாதா கோயில் திருவிழா என்று எல்லாருக்கும் குழாய் கட்டுவேன். என் தொழிலைப் பற்றி அத்தானுக்கு இருந்த அபிப்பிராயத்தை அவர் ஒளித்ததே இல்லை. "மாப்ள, நீ பண்றது தொழில் இல்ல. காத்துக்குச் செய்யிற துரோகம்" என்பார். காற்று என்னிடம் வந்து குறை சொல்லவில்லை.

சிடி அட்டையில் சிறகு முளைத்த பிள்ளைகள் குழல் ஊதிக்கொண்டிருக்கும் படம். நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி அந்த ஊர்ப் பெரிய கோயில்களில் பாடிய பாட்டாம். பாஷை லத்தீன். மேளம் கிடையாது, தொடை தட்ட இடம் கிடையாது. ஒரு குரல் எடுக்கும். அது முடிப்பதற்குள் இன்னொரு குரல் அதே வரியைக் கீழேயிருந்து எடுக்கும். பின்னாலேயே மூன்றாவது, நாலாவது. நடுநடுவே பாட்டை நிறுத்திவிட்டு வாத்தியம் மட்டும் வரும். வளைந்த மரக்கொம்பு ஒன்று, இழுத்து நீட்டுகிற பித்தளைக் குழல் ஒன்று, காலிடுக்கில் நிறுத்தி வில்லால் தேய்க்கிற பிடில் மாதிரி ஒன்று. இதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான். எனக்கு அது சந்தை நாளில் ஒரே சேதியை நாலு பேர் முந்திக்கொண்டு சொல்வது போலத்தான் இருந்தது. அதை அவரிடமே சொன்னேன்.

"உனக்கு இருக்கிறது காது இல்ல மாப்ள. ரெண்டு ஓட்டை" என்றார்.

அப்புறம் விளக்கம். ஒவ்வொரு தடவையும் அந்த விளக்கம் வரும். நாலு குரலும் சமமாம். ஒன்று ராஜா, மற்றது கூஜா என்பது கிடையாதாம். ஒன்று பாடுவதை மற்றது கேட்டு, இடம் விட்டு, இடம் எடுத்துப் பாடுமாம். மனுஷ ஜாதி இதைக் கற்றுக்கொண்டால் சண்டையே வராதாம். இதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறந்திருந்தால் தன் வீட்டு வாசலைப் பார்த்திருக்கலாம். அவர் காட்டில் மிளகாய் பறித்த பொம்பளைகள் அந்த வாசலில் நின்றுதான் தண்ணீர் குடித்தார்கள். கூடத்துக்குள் ஒருத்தி கால் வைத்ததில்லை.

கேட்டு, இடம் விட்டு என்கிறாரே, அந்த மனுஷர் யாரையாவது கேட்டு நான் பார்த்திருந்தால் என் குழாயெல்லாம் துருப்பிடித்துப் போகட்டும். கேள்வியையும் அவரே கேட்பார், பதிலையும் அவரே சொல்வார். "என்ன மாப்ள, தொழில் எப்படி? நல்லாத்தான் போகும், ஊரே காது செத்துக் கெடக்கே. பிள்ளைக்கு வரன் வந்துச்சா? வந்திருக்காது, நீ எங்க தேடுவ." நான் வாயைத் திறப்பதற்குள் விசாரிப்பு முடிந்துவிடும்.

ஒரு ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய்க் கரை ஒரு பக்கம் உடைந்து, தண்ணீர் மிளகாய்க் காட்டுக்குள் திரும்பிவிட்டது. காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் சேறும் சகதியுமாக ஓடிவந்து வாசலில் நின்றார். மணி ஆறு பத்து. அத்தான் உதட்டில் விரலை வைத்தார். வந்தவர் பாவம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மறுபடியும் விரல். ஏழு மணி வரைக்கும் அந்த மனுஷர் தலையில் துண்டோடு நனைந்துகொண்டு நின்றார். ஏழு மணிக்கு என்ன விஷயம் என்று கேட்டார்கள். அதற்குள் பாதிக் காடு முங்கிவிட்டது. அத்தான் அதற்கும் சளைக்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுக்க ஏலாதா அந்தத் தண்ணிக்கு என்று கேட்டார். இதை ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு மீனவர் ஊர். அங்கே மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் என் செட்டுதான். ஒரு வருஷம் அத்தானும் வேனில் ஏறிக்கொண்டார், சிடியைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. கோயில் பொறுப்பில் இருந்த பெரியவரைப் பிடித்து, கால் மணி நேரம் பேசி, போட வைத்துவிட்டார். தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து குழாயைப் பார்த்தார்கள். இது யார் பாட்டு என்று பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க பாட்டுதாங்க. உங்க வேதத்துப் பாட்டு. உங்களுக்குத்தான் தெரியல."

"தெரியாத பாட்ட எப்பிடிங்க எங்க பாட்டுங்கிறது? எங்க பாட்டு எங்களுக்குத் தெரியுமே" என்றார் பெரியவர். சிடியை எடுத்துவிட்டு அவர்கள் பாட்டைப் போடச் சொன்னார். பிள்ளைகள் கூடவே பாடிக்கொண்டு தோரணம் கட்டினார்கள். திரும்பி வரும்போது அத்தான் வேனில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அலைச் சத்தத்திலேயே கிடந்து இவனுகளுக்குக் காது மரத்துப்போச்சு என்றார்.

காது மரத்துப்போனது யாருக்கு என்று எனக்கு அப்போது தெரியாது.

அத்தானுடைய ஊரில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தினமும் ஆறு மணிக்கு மாதா கோயில் பாட்டு கேட்கிற வீடு எந்த வீடு? வேதத்தில் சேர்ந்த, அதாவது கிறிஸ்தவத்துக்கு மாறிய வீடு. உள்நாட்டுக் கிராமத்தில் அதற்கு மேல் யாரும் யோசிக்க மாட்டார்கள். அக்கா நெற்றியில் விபூதியோடு குழாயடிக்கு வந்தாலும், அது வெளிவேஷம் என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். நான் ஒருநாள் இதை அத்தானிடம் சொல்லப் பார்த்தேன். விரல் உதட்டுக்குப் போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவில் அவர் மெச்சிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். என் அக்கா.

"உங்க அக்காளப் பாரு. எப்படிக் கேக்குறா பாரு" என்பார் வருகிறவர்களிடமெல்லாம். அவள் தரையில் சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்து, பாக்ஸையே பார்த்தபடி ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். இருமல் இல்லை, கொட்டாவி இல்லை. பட்டிக்காட்டில் பிறந்தாலும் அவளுக்குப் பிறவிக் காது என்றார் அத்தான். பேச்சுகூடத் தணிந்துவிட்டது பார், இந்தச் சங்கீதம் ஒரு மனுஷியை எப்படிப் பண்படுத்துகிறது பார் என்றார். உண்மைதான், அவள் குரல் தணிந்துதான் போயிருந்தது. எங்கள் ஊரில் அவள் குமரியாக இருந்தபோது முளைப்பாரிக்குக் கும்மிப் பாட்டு எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். அவள் ஒரு வரி எடுத்தால் நாற்பது பொம்பளைகள் வாங்கிப் பாடுவார்கள். வாயாடி என்று எங்களைப் பெற்ற அய்யாவிடம் அடி வாங்கியவள். அவளையா இப்படி ஊமைச்சாமியாக்கி உட்கார வைத்திருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் சாயல்குடிக் கருப்பட்டி கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று போனேன். ஆறரை மணி இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது, சிடி சிக்கிக்கொண்டது. தினம் தினம் துடைத்துத் துடைத்துக் கீறினால் எந்தத் தட்டு தாங்கும்? ஒரு குரல் ஒரே எழுத்தை விக்கிக்கொண்டிருந்தது. ஏ ஏ ஏ ஏ என்று, தொண்டையில் முள் மாட்டின மாதிரி. அத்தானுக்குச் சர்க்கரை வியாதி. நடுவில் ஒரு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். போயிருந்தார். கூடத்தில் அக்கா மட்டும். கையை மடியில் வைத்து, பாக்ஸையே பார்த்துக்கொண்டு, அதே பக்தியோடு.

"அக்கா" என்றேன். அசையவில்லை. கத்தினேன். அசையவில்லை. கருப்பட்டிப் பொட்டலத்தைத் தொப்பென்று தரையில் போட்டேன். அப்போதுதான் தரை அதிர்ந்து திரும்பினாள். திரும்பினவள் முகத்தில் ஒரு பயம். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் வாயையே பார்த்துக்கொண்டு பேசினாள். முதலில் குருவிச் சத்தம் போச்சாம். அப்புறம் குக்கர் விசில். அப்புறம் பஸ் ஹாரன். மூன்று வருஷமாக ஒன்றுமே இல்லையாம். பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினால் அப்பாவிடம் நீட்டிவிடுகிறாள். பேத்தி போனில் பாட்டுப் பாடினால் சும்மா காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அத்தானுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கிறீர்களா? அவர்தான் பதிலையும் அவரே சொல்லிக்கொள்கிறவராயிற்றே. அவருக்கு எதிரில் தலையாட்ட ஒரு தலை வேண்டும். அது இருந்தது.

மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்ப்போம் என்றேன். கையை எடுத்துக் கும்பிட்டாள்.

"கல்யாணமாகி முப்பது வருசம் தம்பி. சோறு குழைஞ்சா ஏச்சு, உப்பு கூடுனா ஏச்சு. இந்த ஒரு மணி நேரந்தான் அவுக என்னைய மனுசியாப் பாக்காக. வாரவுககிட்டயெல்லாம் சொல்லிக் காமிக்காக. அதையும் போக்கிப்புடாத."

நம் அய்யா மேல் ஆணையாக யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். கொடுத்தேன். கூடத்துக்குத் திரும்பும்போது அத்தான் சிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டு சிக்கினதுக்குக்கூட அவள் முகம் சுளிக்கவில்லை பார் என்று என்னிடம் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாக்ஸைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். சத்தியம் கையைக் கட்டிவிட்டது.

அந்த ஆடிக் கடைசியில் அவர்கள் ஊர் அம்மன் கோயில் முளைப்பாரி. பொம்பளைகள் விரதமிருந்து, இருட்டு அறையில் சட்டிகளில் தானியம் முளைக்கப்போட்டு, ஒன்பதாம் நாள் தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். பந்தலும் மைக் செட்டும் என் செலவு என்று அத்தான் ஏற்றுக்கொண்டார். அதனால் முதல் பாரி அக்காவுடையது, பணம் வந்ததும் வேதப் பேச்சு ஓரமாகப் போய்விட்டது. அந்த மனுஷர் சும்மா ஏற்பாரா? ஒரே ஒரு நிபந்தனை. பாரி தெருவில் வரும்போது மேளம் அடிக்கக் கூடாது, அவர் கொடுக்கிற பாட்டைத்தான் போட வேண்டும். என்ன பாட்டு என்று கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். ஐந்நூறு வருஷத்துப் பழைய சாமி பாட்டு என்றார். பொய் இல்லை. அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள்.

எனக்குத் தெரியும். என் கையில்தான் சிடியைக் கொடுத்தார். ஒரு வார்த்தை நான் கமிட்டியில் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது. சொல்லவில்லை. ஊரே கூடி நின்று அவர் மூக்கை உடைக்கட்டும், நான் பார்க்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். முன்னால் நடந்து வரப்போவது என் அக்கா என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை.

நாலு மணி. வேப்பமரத்தில் நாலு குழாய். தெருக்கோடியில் பாரி திரும்பியது. அத்தான் கையைக் காட்டினார், போட்டேன்.

முதல் குரல் எடுத்தது. இரண்டாவது எடுத்தது. பெரிய கோயிலுக்குள் பாடின எதிரொலியோடு நாலு குழாயிலும் லத்தீன் இறங்கியது. தெருவில் பொம்பளைகள் நின்றுவிட்டார்கள். குலவை பாதியில் அறுந்தது. அடிக்காமல் நின்ற மேளக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "அம்மன் கோயில்ல என்ன பாட்டுடா இது" என்று எவனோ கேட்டான். ஊர் அம்பலம், அதாவது கோயிலில் முதல் விபூதி வாங்குகிற பெரியவர், திகைத்துப்போய் எழுந்து நின்றார்.

அத்தனை பாரியும் நின்ற தெருவில் ஒரே ஒரு பாரி மட்டும் வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவளுக்குப் பின்னால் நின்றது தெரியாது. பச்சைப் பசேலென்று ஒரு முழ உயரத்துக்கு வளர்ந்திருந்த முளையைத் தலையில் வைத்து, சட்டியை ஒரு கையால் பிடித்து, மஞ்சள் சேலையில், அந்தப் பாட்டுக்கு நடுவே என் அக்கா தனியாக நடந்து வந்தாள். முகத்தில் சிரிப்பு.

பாட்டை நிறுத்தினேன். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தி, எம்புட்டுத் திமிரு பாரு என்றாள். வேதத்தில் சேர்ந்த வீட்டுப் பாரி கோயிலுக்குள் வரக் கூடாது என்று அம்பலம் சொன்னார். அக்காவை நேராகப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் மீசைக்குள்ளே சொல்கிற மனுஷர், வாய் அசைவு தெரியாது. அவள் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு எட்டு வைத்தாள்.

அப்போதாவது இந்த மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். முன்னால் வந்தார்.

"பாத்தீங்களா? எல்லாரும் நின்னுட்டீங்க. அவ ஒருத்தி நடந்தா. ஏன்னா அவளுக்குத்தான் காது இருக்கு" என்றார். பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

வேறு சாட்சி வேண்டுமா ஊருக்கு? இரண்டு பேர் அவள் தலையிலிருந்து சட்டியை இறக்கக் கையை நீட்டிவிட்டார்கள். சாமிக்கு வளர்த்த பாரியைக் கோயில் வாசலில் இறக்கித் திருப்பி அனுப்பினால், அதற்கப்புறம் அந்தப் பொம்பளை அந்த ஊரில் தலை நிமிர முடியாது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நீட்டின கைகளையும் புருஷன் சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்டால்தானே புரிவதற்கு.

என் கையில் மைக் இருந்தது.

"அக்காவுக்குக் காது கேக்காது. மூணு வருசமாக் கேக்காது. இந்தப் பாட்டு மட்டுமில்ல, எந்தச் சத்தமும் கேக்காது" என்றேன்.

நாலு குழாயும் அதைச் சொல்லின. காட்டில் ஆடு மேய்த்தவனுக்குக்கூடக் கேட்டிருக்கும். அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

அய்யா மேல் போட்ட சத்தியம் போயிற்று. பாரியைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அது பாதி. மீதிப் பாதி, அத்தான் முகத்தைப் பார்ப்பதற்கு. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றிருந்தது, அதை எடுக்க அவருக்குத் தெரியவில்லை. அக்கா அவரைப் பார்த்தாள், அப்புறம் என் கையில் இருந்த மைக்கைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது. சட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது பாரி தூக்கி வந்தவள் அவர்கள் காட்டில் மிளகாய் பறிக்கிறவள். அவள்தான் முதலில் நடந்து வந்தாள். அக்கா முதுகில் கையை வைத்து, வாங்க போவோம் என்று தள்ளினாள். அம்பலம் வழியை விட்டார். யாரோ குலவை எடுத்தார்கள். உள்ளே போய்க் கும்மி வட்டத்தில் நின்ற அக்கா, பக்கத்துப் பொம்பளைகள் கையைப் பார்த்துப் பார்த்துக் கை கொட்டினாள். ஒரு கொட்டுக்கூடத் தப்பவில்லை.

மறுநாள் காலையில் போனேன். அக்கா எனக்குக் காபி வைத்தாள், என்னைப் பார்க்கவில்லை. ஊருக்கு முன்னால் செவிடி என்று சொல்லிவிட்டாய் அல்லவா என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதற்கு நான் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்டிருக்காது, வாயைப் பார்த்தால்தானே. கூடத்தில் அத்தான் பட்டுத்துணி போட்ட பாக்ஸுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சவரம் பண்ணவில்லை.

"அப்ப அவ கேக்கவே இல்லியா மாப்ள?" என்றார். "ஒரு நாள்கூடவா?"

அந்த மனுஷர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுத்தவன் பதிலுக்குக் காத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் உள்ளதைத்தான் சொன்னேன். ஒரு நாள்கூட இல்லை அத்தான் என்றேன்.

ஆவணியில் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காதுக்குள் எலும்பு இறுகிவிட்டதாம், மூன்று வருஷம் முந்தி வந்திருந்தால் இன்னும் சுலபமாம். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷின் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் சத்தம் தாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அதே பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்கிறவன் குரலுக்கு நின்று நின்று சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் பேத்திக்குப் போன். பிள்ளை பாடப் பாட இவள் அழுகை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவளே பட்டுத்துணியை எடுத்து மடித்து வைத்தாள். போடுங்க, கேப்போம் என்றாள். அத்தான் போடவில்லை. மிஷின் பழகட்டும் என்றார். மறுநாள் கேட்டதற்குக் கரண்டு குறைச்சல் என்றார். அப்புறம் ஆம்ப்ளிபயர் பழுது என்றார், அதைப் பழுதுபார்க்கிறவன் நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. காதில்லாதவளை வருகிறவன் போகிறவன் பார்க்க உட்கார வைத்துக் கேட்கச் சொன்னவருக்கு, காதுள்ளவள் வந்து கேட்கிறேன் என்றால் பயம். அவள் கேட்டுவிட்டு என்ன சொல்வாளோ என்று பயம். இப்படியும் ஒரு கோழை உண்டா? சிடியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். அந்த வீட்டில் எல்லாரும் இருமினார்கள்.

போன மாசம் அக்கா பீரோவைத் திறந்து சிடியை என்னிடம் கொடுத்தாள். கீறலை ஏதாவது பண்ண முடியுமா பார் என்றாள். துடைத்து, நல்ல பிளேயர் ஒன்றில் போட்டுச் சரி பார்த்துக் கொண்டுபோனேன். பகல் பதினோரு மணி. மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய்க்காரப் பொம்பளைகள் மூன்று பேர் கூடத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள், அக்காவும் கூட. கமறல் தாங்காமல் ஆளாளுக்கு இருமினார்கள். போட்டேன்.

முதல் குரல் எடுத்தது, இரண்டாவது எடுத்தது. அக்கா காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒருத்தியிடம் மகன் படிப்பைப் பற்றி விசாரித்தாள். கொம்பு வாத்தியம் வந்த இடத்தில் கை நின்றது, அப்புறம் ஓடியது. ஒரு தடவை, ஒரு குரல் முடிக்குமுன் இன்னொன்று எடுக்கும் இடத்தில், கும்மிக்குப் பாட்டெடுத்த காலத்து மாதிரி அவள் தலை தானாக ஆடியது. கடைசிவரைக்கும் கேட்டாள். இத்தனை வருஷ ஏச்சையும் சேர்த்து அவள் வாயால் ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தேன்.

முடிந்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான தம்பி இருக்கு" என்றாள். "இதக் கேக்குறதுக்கு எதுக்கு வாய மூடிக்கிட்டு உக்காரணும்?"